வேலையிழப்பு: வன்னியில் சம்பளத்துக்கு நிற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் டொலர் தீர்ந்தால், இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் மல்லாவியில் ஒரு மேசனுக்கு ஏன் வேலை நிற்கிறது? பொருளாதார வீழ்ச்சி என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள இந்தக் கேள்வியில் தொடங்குவதுதான் லேசு.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. அதற்கு முன்னரே டொலர் கையில் இல்லாததால் இறக்குமதி இறுகியிருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதம் 360 ரூபா வரை போனது. சீமெந்துப் பையின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. ஜூன் மாதம் டீசல் ஒரு லீட்டர் 460 ரூபா. அத்திவாரம் போட்டுவிட்டு நின்ற வீட்டுக்காரர் "விலை இறங்கட்டும், பாப்பம்" என்றார். மேசனுக்கு வேலை நின்றது. அவருக்குக் கீழே நின்ற கூலியாட்களுக்கும் நின்றது. ஹார்ட்வெயார் கடையில் மூன்று பொடியங்கள் நின்ற இடத்தில் ஒருவர் போதும் என்றானது. மணல் ஏற்றிய டிப்பர் லீசிங் கட்ட வழியில்லாமல் முற்றத்தில் நின்றது. இவர்கள் எல்லோரும் காலையில் பிளேன்ரீ குடித்த கடையிலும் பானை சின்னதானது. ஒருவருடைய செலவுதான் இன்னொருவருடைய சம்பளம். ஒரே நேரத்தில் எல்லோரும் செலவை நிறுத்தினால் எல்லோருடைய சம்பளமும் ஆட்டம் காணும். பொருளாதார வீழ்ச்சி என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

இதற்குள் இன்னொரு சங்கதியும் நடந்தது. விலையேற்றத்தை அடக்குவதற்காக 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வட்டி ஏறினால் கடன் எடுத்துத் தொழில் செய்பவர் கையை இழுத்துக்கொள்வார், புதிதாக ஆள் எடுக்க மாட்டார். விலை இறங்குவதற்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் மருந்தின் கசப்பு முதலில் போய்ச் சேர்ந்தது நாட்சம்பளக்காரரிடம்.

ஆடைத் தொழிற்சாலையின் கதை வேறு. போருக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் வந்த தொழிற்சாலைகளில் தைப்பது நமக்காக அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைக்காரர் ஓடர் கொடுத்தால்தான் இங்கே லைன் ஓடும். 2023இல் அங்கே விற்பனை மந்தமானபோது இலங்கையின் ஆடை ஏற்றுமதி வருமானம் கணிசமாக விழுந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது ஆகஸ்டில் 20 சதவீதமாகக் குறைந்தது. இடைப்பட்ட மாதங்களில் பரந்தனில் இருந்து பஸ் ஏறும் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லை. அவள் வேலையில் ஒரு பிழையும் இல்லை. தையல் நேர்த்தியாகத்தான் இருந்தது. வீழ்ச்சிக் காலத்து வேலையிழப்பில் முதலில் மனதில் பதிய வேண்டியது இது: பெரும்பாலும் அது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பே இல்லை.

வருவதற்கு முன் தெரியும் அறிகுறிகள்

வேலை ஒரே நாளில் போவதில்லை. முதலில் ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலை, போகும். அப்புறம் விலகிப்போனவரின் இடத்துக்குப் புதியவரை எடுக்க மாட்டார்கள், அவருடைய வேலை உங்கள் தலையில் விழும். சம்பளம் 10ஆம் திகதியில் இருந்து 15க்குத் தள்ளும். இவற்றை விடவும் நம்பகமான அறிகுறி, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு கட்டுப்படாமல் போவது. சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டுவார்கள், ஆனால் நிதியத்துக்குக் காசு போயிருக்காது. காசு நெருக்கடியில் இருக்கும் முதலாளி முதலில் கைவைப்பது சத்தம் போடாத கணக்கில்தான். தேசிய அடையாள அட்டையோடு உங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பெயரில் காசு விழுகிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்க வேலை போயிருக்கத் தேவையில்லை.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அறிகுறி வேறு மாதிரி. "நோ கோஸ்ட் எக்ஸ்டென்ஷன்" என்ற சொல் கூட்டத்தில் வந்துவிட்டால் காசு முடிந்துவிட்டது, காலம் மட்டும்தான் நீள்கிறது என்று அர்த்தம். 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது இதைப் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது, அவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

அந்தக் கடிதம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

பெரும்பாலும் பின்னேரத்தில்தான் கூப்பிடுவார்கள். மேசையில் ஏற்கெனவே ரைப் பண்ணிய ஒரு கடிதம் இருக்கும். "எனது தனிப்பட்ட காரணங்களினால் இன்று முதல் சேவையில் இருந்து விலகிக்கொள்கிறேன்." கீழே உங்கள் பெயர், ஈபிஎஃப் இலக்கம், கையொப்பத்துக்குப் புள்ளிக்கோடு. "தங்கச்சி, நிப்பாட்டினது எண்டு போட்டா பிறகு உங்களுக்குத்தான் வேற இடத்தில வேலை எடுக்கக் கஷ்டம். இதில ஒரு சைன் வைச்சிட்டுப் போங்கோ, காசு கெதியா வரும்." இதைச் சொல்பவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. இத்தனை பேரைக் குறை என்று மேலிருந்து அவருக்கும் ஓர் எண்ணிக்கை வந்திருக்கும்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளரின் சேவையை முடிவுறுத்துவது பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அந்தத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி, அதுவும் எழுத்தில். ஓடர் இல்லை, நட்டம், இயந்திரம் வந்துவிட்டது என்பவை எல்லாம் ஒழுக்காற்றுக் காரணம் ஆகாது. "கொஞ்ச நாளைக்கு வராதேங்கோ, கூப்பிடுறம்" என்று தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் இந்தச் சட்டத்துக்குள் வரும். அரச, உள்ளூராட்சி, கூட்டுறவுச் சங்க வேலைகளுக்கு இது பொருந்தாது, அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு.

ஆணையாளர் அனுமதி கொடுத்தால் நட்டஈடும் சேர்ந்து வரும். அதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது: முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் போகப் போகக் குறையும். உச்ச வரம்பு ஒன்றும் உண்டு. 2021இல் அதை 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள்.

கணக்குப் போட்டால்தான் உறைக்கும். 35,000 ரூபா சம்பளத்தில் 6 வருடம் தைத்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் 5 வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம், ஆறாவது வருடத்துக்கு இரண்டு மாதம், மொத்தம் பதினான்கரை மாதச் சம்பளம். 5,07,500 ரூபா. "தனிப்பட்ட காரணங்களினால்" என்ற கடிதத்தில் கையெழுத்து வைத்தால் அவர் தானாக விலகியவர். தானாக விலகியவருக்கு இந்த வாய்பாடு இல்லை. புள்ளிக்கோட்டின் மேல் வைக்கும் பெயருக்கு ஐந்து இலட்சம் ரூபா.

சில இடங்களில் சுயவிருப்ப ஓய்வு என்று ஒரு தொகையைச் சொல்லிச் சம்மதம் கேட்பார்கள். அது சட்டத்துக்கு உட்பட்டதுதான், சிலருக்கு நல்ல பேரமாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் தொகையை மேலே சொன்ன வாய்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

அந்த மேசைக்கு முன்னால் நிற்கும்போது சட்டம் பேச வராது. பேசவும் வேண்டாம். "வீட்டில ஒருக்காக் கேட்டுட்டு வாறன் சேர்" என்பது வன்னியில் யாரும் பிழை சொல்ல முடியாத வசனம். அதைச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். முடிந்தால் கடிதத்தைப் போனில் ஒரு படம் எடுங்கள். அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போங்கள். கேற்றில் மறித்தால் திகதி, நேரம், மறித்தவர் சொன்னது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, காரணத்தை எழுத்தில் தரவும்" என்று ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தொழில் அலுவலகம். முறைப்பாடு வைக்க வேலை நின்ற நாளில் இருந்து 6 மாதம்தான் அவகாசம். ஒழுக்காற்றுக் காரணம் சொல்லி நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அங்கேயும் அதே 6 மாதம். "அவங்கள் கூப்பிடுவாங்கள்" என்று காத்திருந்து இந்தக் காலத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

முதலாளி நெடுநாள் பழக்கமானவராக, ஏன் உறவினராகவே இருக்கலாம். ஊரில் முகத்தை முறிக்க யாருக்கும் மனம் வராது. எனக்கு அது விளங்குகிறது. ஆனாலும் சட்டத்தில் உள்ளதைக் கேட்பது சண்டை பிடிப்பது இல்லை என்றே நினைக்கிறேன். சரியான நட்டஈடு கொடுத்து ஆளை அனுப்பிய முதலாளிக்கும் பிறகு தெருவில் முகம் கொடுப்பது லேசு.

எது எப்படிப் போனாலும் வர வேண்டிய காசு

விலகினாலும் நிறுத்தப்பட்டாலும் சில காசுகள் உங்களுடையவை. ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈபிஎஃப்: உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். இது நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தற்காலிகம், நாட்சம்பளம், செய்த துண்டுக்குக் காசு எல்லாருக்கும் முதல் நாளில் இருந்தே உரியது. ஆனால் வேலை போன உடனே எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வர வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள், உழைக்க முடியாதபடி அங்கவீனமானவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. 10 வருடம் கட்டியவர்கள் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். ஆகவே "சைன் வைச்சா ஈபிஎஃப் கெதியா வரும்" என்பதில் 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை.

ஈடிஎஃப் அப்படியில்லை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் முதலாளி மட்டும் 3 சதவீதம் போடுகிறார். வேலை விட்டவுடன் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். 35,000 சம்பளத்துக்கு மாதம் 1,050 ரூபா. ஆறு வருடம் இதே சம்பளம் என்று வைத்தால் 75,600 ரூபா, அதோடு வட்டி. நட்டஈட்டு வழக்கு இழுபடும் மாதங்களில் கைக்கு வரக்கூடிய காசு இது.

அப்புறம் பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியாக்கியிருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நம்முடைய தையல்காரப் பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம், 1,05,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். நாலு வருடமும் பத்து மாதமும் ஆகியிருக்கும்போது "விலகுங்கோ" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரம் எதற்கென்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இலங்கையில் வேலையிழப்புக் காப்புறுதி என்று ஒன்று இல்லை. சில நாடுகளில் வேலை போனால் அரசு சில மாதங்களுக்கு ஒரு தொகை கொடுக்கும். இங்கே அந்த இடத்தில் நிற்பவை இந்த மூன்று காசும், அம்மாவின் சங்கிலியும்தான்.

சட்டத்தின் குடைக்குள் வராதவர்கள்

மேலே சொன்ன சட்டம் வன்னியில் பாதிப் பேருக்கு உதவாது என்று நீங்கள் நினைத்தால் அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. நாலு பேர் வேலை செய்யும் கடையில் 15 என்ற எண்ணிக்கை வராது. மேசனின் கூலியாளுக்கு நியமனக் கடிதமே இருக்காது. ஈபிஎஃப் உரிமை கடைப் பொடியனுக்கும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள் தனிரகம். காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அதைப் பணிநீக்கம் என்று நிரூபிப்பது கடினம். இதில் கண்ணிவெடி அகற்றுபவர்களின் நிலையை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. முகமாலையில் இருந்து முல்லைத்தீவு வரை வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறும் வேலை. அதில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் நிறையப் பேர். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன் 1. வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய வேலை முடிவுக்கு வருகிறது. காசும் வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை மீளாய்வுக்கென்று 90 நாள் நிறுத்திவைத்ததைப் போல, எங்கோ போடும் ஒரு கையெழுத்து இங்கே ஒரு திட்டத்தையே அசைக்கும்.

இப்படி முடியும் நாள் தெரிந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. அலுவலகம் திறந்திருக்கும்போதே கடதாசிகளைச் சேர்க்கலாம். சேவைச் சான்றிதழ், அதில் வெறும் "வேலை செய்தார்" என்று இல்லாமல் என்ன பொறுப்பு, எத்தனை பேருக்கு மேற்பார்வை, என்ன பயிற்சி என்று எழுதி வாங்குங்கள். முதலுதவிப் பயிற்சி, வாகன அனுமதிப்பத்திரம், குழுத் தலைமை எல்லாம் வேறு வேலைக்கும் உதவும். கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டைகள், நியமனக் கடிதம், ஈபிஎஃப் இலக்கம். திட்டம் மூடி, பலகையும் கழற்றி, மனேஜர் ஊருக்குப் போன பிறகு கையெழுத்து வாங்க ஆளைத் தேடி அலைவது பெரும்பாடு.

வீட்டுக் கணக்கு

வேலை போன வாரத்தில் புதுவேலை தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. கையில் இருக்கும் காசை, ஒரு மாதத்துக்கு வெட்டவே முடியாத செலவால் பிரியுங்கள். அரிசி, மா, மரக்கறி, பிள்ளைகளின் பஸ், கரண்ட் பில், மருந்து. ரியூஷன் காசு இந்தப் பட்டியலில் வருமா என்று வீட்டில் சண்டை வரும், அது வரட்டும். கிடைக்கும் எண்தான் உங்களுக்கு இருக்கும் மாதங்கள். இரண்டு என்றால் கிடைக்கும் எந்த வேலைக்கும் போக வேண்டும். ஆறு என்றால் கொஞ்சம் தெரிவு செய்யலாம். தெரியாமல் பயப்படுவதை விடத் தெரிந்து பயப்படுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது கடன். இங்கே எல்லாக் கடனும் ஒரே மாதிரி இல்லை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ லீசிங்கில் இருந்தால், கட்ட முடியாமல் போவதற்கு முதல் மாதமே கிளைக்குப் போய், கால நீடிப்பை எழுத்தில் கேளுங்கள். மூன்று தவணை பிந்திய பிறகு கேட்பவருக்கும், ஒன்றும் பிந்தாமல் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. ஓட்டோ உழைக்கிற சாமான் என்பதால் அதைக் காப்பாற்றுவது முதலிடம். கௌரவத்துக்கு எடுத்த பெரிய மோட்டார் சைக்கிளை, நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுக் கணக்கை முடிப்பது புத்தி.

நுண்கடன் வேறு விளையாட்டு. வாரா வாரம் கட்ட வேண்டும், குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் உங்களுக்குப் பிணை. நீங்கள் பிந்தினால் கதவைத் தட்ட வருபவர் கம்பனிக்காரர் மட்டுமில்லை, பக்கத்து வீட்டு அக்காவும்தான். அந்த வெட்கத்தில் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதில்தான் வன்னியில் நிறையக் குடும்பங்கள் அகப்பட்டன. நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், மத்திய வங்கி 2018 டிசம்பரில் நுண்கடன் கம்பனிகளுக்கு 35 சதவீத வட்டி உச்ச வரம்பு விதித்தது. அது உச்ச வரம்பே இவ்வளவு! வேலை போன செய்தியைக் குழுவில் முதலில் சொல்லுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து தவணையைக் குறைக்கக் கேட்டால் கம்பனி காதில் விழும்.

சீட்டுப் பிடிப்பவர்கள், கூறு (உங்கள் முறைக்கு வரும் சீட்டுக்காசு) இன்னும் எடுக்கவில்லை என்றால், சீட்டை நடத்தும் தாச்சியிடம் நிலைமையைச் சொல்லி முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், வேறு எதை விட்டாலும் சீட்டுக்காசை விடாதீர்கள். வங்கி உங்களை மறக்கும், ஊர் மறக்காது. நகை அடைவு பற்றி ஒன்றே ஒன்று: தங்க விலை ஏறியதால் அதே சங்கிலிக்கு இப்போது கூடக் காசு தருகிறார்கள். தருவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று இல்லை. தேவைக்கு எடுத்தால் மீட்கலாம்.

வருமானம் விழுந்த குடும்பம் அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் தொடங்கிய திட்டம் அது. விண்ணப்பம் கோரும் காலத்தைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரித்து வையுங்கள்.

வீட்டுக்குச் சொல்வது

வேலை போனதை வீட்டில் சொல்லாமல், காலையில் வெளிக்கிட்டுப் போய் டவுனில் பொழுதைப் போக்கிவிட்டுப் பின்னேரம் வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். கணக்கைத் தனியாகச் சுமக்கும் ஒவ்வொரு வாரமும் வீட்டில் செலவு பழையபடியே ஓடும் என்பதால், வெட்கத்தை ஒரு பக்கம் வைத்தாலும் இது காசளவிலேயே நட்டம்.

சொன்னால் மூத்தவர்களிடம் இருந்து வரும் பதில் நமக்குத் தெரியும்: "எல்லாத்தையும் விட்டுட்டு மாத்துடுப்பும் இல்லாம வந்து எழும்பினனாங்கள், இதென்ன பெரிய விசயம்?" 2009ஐக் கடந்து வந்தவர்கள் அதைச் சொல்ல உரிமை உள்ளவர்கள். அவர்களுக்கு அது பலம். ஆனால் 25 வயதுப் பிள்ளைக்கு அது வாயை அடைக்கும் வசனமாகவும் போகலாம். பெரிய துன்பத்தை அளவுகோலாக வைத்தால் சின்னத் துன்பத்தைப் பேச இடமே இருக்காது. நித்திரை இல்லாமல், சாப்பாடு செல்லாமல், குடி கூடிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

அடுத்து என்ன?

"ஊரில காணி இருக்குத்தானே, விதைச்சுச் சாப்பிடலாம்" என்று சொல்வார்கள். கவனம். காலபோக நெல் ஐப்பசி மழையோடு தொடங்கி, தையில் இருந்துதான் வெட்டு. நீங்கள் மாசியில் வேலை இழந்தால் அது பதினொரு மாதம் தள்ளி வரும் காசு. சிறுபோகத்தில் இரணைமடு போன்ற குளங்களின் கீழே எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள், உங்கள் தேவையைப் பார்த்து இல்லை. மேட்டுக்காணியில் கச்சான் போட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், குரங்கும் பன்றியும் தின்றது போக மிச்சம். இறக்கும் முதலுக்குக் கடன் எடுத்தால் பழைய கணக்கே திரும்பவும். காணி நல்ல துணைதான், ஆனால் பணிக்கொடைக் காசு முழுவதையும் முதல் வருடமே அதில் கொட்ட வேண்டாம் என்பேன்.

கையில் தொழில் இருந்தும் கடதாசி இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பத்து வருடம் வயரிங் செய்தவர், ஒட்டுவேலை செய்தவர், மேசன் போன்றவர்கள் மறுபடி வகுப்பில் இருக்காமலே, ஏற்கெனவே தெரிந்த திறமையைப் பரீட்சித்து என்விகியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் எடுக்கலாம். ஆர்பிஎல் முறை என்பார்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்திலோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். புதிதாகப் படிக்க விரும்பும் இளையவர்களுக்கு அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

வெளிநாடு என்ற எண்ணமும் வரும். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கென்று இலங்கையை விட்டுப் போனார்கள். போகலாம், ஆனால் வேலை போன ஆளின் அவசரம் எப்படியோ ஏஜென்சிக்காரனின் காதுக்கு எட்டிவிடும். விசிற் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று சொல்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்கு அவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். காசு கட்டுவதற்கு முதல் கேளுங்கள், கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர யோசிப்பவரிடம் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம்.